கேப்டனை எழுப்பாதவன்

சிட்னி பார்ஃபுட்டைக் கோஸ்போர்ட்டில் எல்லோருக்கும் தெரியும். மதித்தவர்கள்தான் கொஞ்சம் குறைவு. பிரிட்டிஷ் கடற்படையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன் என்றால் நம் ஊரில் கறிக்கடைக்காரன்கூட நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுப்பான். ஆனால் பார்ஃபுட் பீரங்கி சுட்டவன் இல்லை, இயந்திரம் ஓட்டியவனும் இல்லை. அதிகாரிக்குத் தேநீர் போட்டு, சட்டை தேய்த்து, படுக்கை விரித்தவன். மதுக்கடையில் யாராவது "நீ எந்தக் கப்பல்ல இருக்க?" என்று கேட்டால் அவன் கப்பல் பெயரைச் சொல்ல மாட்டான். "நான் டெவரில் சாரோட இருக்கேன்" என்பான். கேட்டவன் சிரிப்பான். இவனுக்கு எதற்குச் சிரிக்கிறான் என்றே புரியாது.

இரண்டு பேரும் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில். டெவரில் அப்போது ஒரு சின்ன நாசகாரிக் கப்பலுக்குத் தலைவர், வயது முப்பத்தொன்று. பார்ஃபுட் முதல் மூன்று நாளும் காலை ரொட்டியைக் கருக்கினான். அவர் மூன்று நாளும் ஒன்றும் பேசாமல் தின்றார். நாலாம் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "பார்ஃபுட், ரொட்டியை எரிக்கறதுல நீ கைதேர்ந்தவன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. இன்னிக்கு வேற ஏதாவது செஞ்சு காட்டேன்" என்றார். அன்றிலிருந்து அவன் அவருடைய ஆள்.

அதிகாரி கப்பல் மாறினால் பணியாளும் கூடவே மாறுவது கடற்படையில் சகஜம். அப்படி ஆறு கப்பல் மாறினார்கள். நாற்பத்தொன்றில், யுத்தத்தின்போது, கிரீட் தீவுப் பக்கம் அதில் ஒரு கப்பல் குண்டடிபட்டு மூழ்கியது. பார்ஃபுட்டுக்கு நீந்தத் தெரியாது. கடற்படையில் இருந்துகொண்டு நீந்தத் தெரியாதா என்று கேட்காதீர்கள், பாதிப்பேருக்குத் தெரியாது. டெவரில் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் கிடந்தார். "காலை ஆட்டுடா மடையா, நான் என்ன உன் தாயா?" என்று நடுநடுவே திட்டிக்கொண்டும் இருந்தார். அவர் அவனை 'டா' போட்டது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் கெட்டது. பக்கத்தில் யாராவது தீக்குச்சி உரசினால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். இந்த விஷயம் கப்பலுக்குக் கப்பல் பரவி, 'டெவரில் தூங்கினாலும் விழித்திருப்பார்' என்று பேராகிவிட்டது. அந்தப் பேர்தான் பின்னால் அவரை அழித்தது.

அதிகாரிகளின் பதவி உயர்வுப் பட்டியல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். பட்டியல் வரும் காலையில், எதிர்க்கரையில் உள்ள கடற்படைத் துறைமுகமான போர்ட்ஸ்மவுத்தில் பாதி வீடுகளில் அடுப்பே சரியாக எரியாது. பார்ஃபுட் பத்திரிகைக் கடை திறக்கும் முன்பே போய் நிற்பான். கமாண்டர் ஆனபோதும் கேப்டன் ஆனபோதும் டெவரிலுக்கு முதலில் சேதி சொன்னது அவன்தான். கேப்டனாகி ஒன்பது வருஷம் ஆகிவிட்டால் ஒன்று அட்மிரல் ஆக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். நடுவில் வழி கிடையாது. டெவரிலுக்கு அந்த ஒன்பது வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றோடு முடிய இருந்தது. அடுத்த ஜனவரிப் பட்டியலில் அவர் பேர் இருக்கும் என்று மேலிடத்திலேயே பேசிக்கொண்டார்கள். அட்மிரலுக்குத்தான் சொந்தக் கொடி. அவர் ஏறும் கப்பலில் அவருக்கென்று அது பறக்கும்.

பார்ஃபுட் வீட்டில் அந்தக் கொடி ஏற்கனவே பறந்துகொண்டிருந்தது. அவன் மனைவி ஐவிக்குக் காது புளித்துப்போனது.

"அட்மிரல் வீட்டு விருந்துல எத்தனை முள்கரண்டி வைக்கணும்னு இப்பவே எண்ணிக்கிட்டு இருக்கியா சிட்?"

"பதினாறு பேர் மேசைன்னா பணியாளுங்க மட்டும் நாலு பேர் வேணும். நான்தான் அவங்களுக்குத் தலைமை" என்றான் பார்ஃபுட்.

"நீ அந்த மனுஷனைத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்ட. நான் சும்மா ரெண்டாந்தாரம்."

"அவரும் உன்னை மாதிரிதான். நான் போடற தேநீரை ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்லை."

அக்டோபரில் 'கலிஸ்டா' என்ற போர்க்கப்பல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் பயிற்சிக்குப் போனது. டெவரில்தான் கேப்டன். பயிற்சி நாற்பத்தொரு மணி நேரம் நடந்தது. அவர் ஒரு கண்ணும் மூடவில்லை. பயிற்சி முடிந்து நங்கூரம் போடும் இடத்துக்குத் திரும்பும்போது மத்தியானம் இரண்டு மணி. கடலில் மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. வழி பார்க்கும் அதிகாரி காய்ச்சலில் கிடந்தார். மேல் தளத்தில் காவல் பார்த்தது லெப்டினன்ட் கில்மோர், இருபத்தைந்து வயது, கெட்டிக்காரர். டெவரில் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "மணல் திட்டுக்கு முன்னாடி ஒரு மிதவை வரும், அதைப் பார்த்துத்தான் திரும்பணும். மூணே முக்காலுக்குள்ள அது கண்ணுல படலைன்னா எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லிக் கீழே உள்ள சின்ன அறைக்கு வந்து, பூட்ஸோடு படுத்தார்.

மூன்று ஐம்பதுக்கு பார்ஃபுட் தேநீர்த் தட்டோடு அந்த அறைக்குள் போனான். கேப்டன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கிரீட்டுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் அவர் அப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை. கதவு திறந்த சத்தத்துக்கும் எழுந்திருக்கவில்லை. அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, மேல் தளத்திலிருந்து தலைமாட்டுக்கு வந்த பித்தளைப் பேச்சுக் குழாயில் கில்மோரின் குரல் கேட்டது.

"கேப்டன் சார், மிதவை கண்ணுல படலை. பனி கூடுது. இதே திசையில, இதே வேகத்துல போகட்டுமா?"

டெவரில் கண்ணைத் திறக்கவே இல்லை. தலையை மட்டும் குழாய்ப் பக்கம் திருப்பி, தெளிவான குரலில், "சரி. அப்படியே போங்க" என்றார். உடனே மறுபடியும் குறட்டை.

கடற்படையில் ஒருவனைக் காவலுக்கு எழுப்பப் போனால், அவனுடைய இரண்டு காலும் தரையில் படுகிறவரை நகரக்கூடாது. வாயால் பதில் சொன்னதெல்லாம் கணக்கில்லை. சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தரும் பாடம் இது. பார்ஃபுட்டுக்கும் தெரியும். தெரிந்தும் நின்றான். தூக்கத்தில் பேசுகிறாரே என்று ஒரு மனம் சொன்னது. முக்கியம் என்றால் திரும்பவும் கூப்பிடுவார்கள், கப்பல் ஓட்டுவது மேலே இருப்பவர்கள் வேலை, நம் வேலை தேநீர் என்று இன்னொரு மனம் சொன்னது. இரண்டாவது மனம் சொன்னது சௌகரியமாக இருந்தது. கம்பளியை அவர் தோள்வரை இழுத்துவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு பூனைபோல் வெளியே வந்தான்.

நாலு மணி ஆகி இரண்டு நிமிஷத்தில் கலிஸ்டா மணல் திட்டில் ஏறியது.

யாருக்கும் அடிபடவில்லை. சமையலறையில் எழுபது முட்டை உடைந்தது. கப்பலின் அடியில் இரண்டு சுழல்விசிறிகள் வளைந்துபோயின. இழுவைப் படகுகள் வந்து, மறுநாள் கடல் நீர் ஏறியபோது இழுத்துவிட்டன. கலிஸ்டா நொண்டிக்கொண்டு போர்ட்ஸ்மவுத் பழுதுத்துறைக்கு வந்து சேர்ந்தது.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. கில்மோர், "மூணு அம்பதுக்கு நான் சொன்னேன், கேப்டன் பதில் சொன்னார்" என்றார். டெவரில், "எனக்கு எந்தச் சேதியும் வரலை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நினைவே இல்லை. கில்மோரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் ஐந்து பதக்கம் வாங்கியவர், தீக்குச்சி சத்தத்துக்கு எழுந்திருப்பவர். இன்னொருவர் நேற்று முளைத்த பையன். குழு யாரை நம்பும்? மிதவையைத் தவறவிட்டதற்கும், தப்பிக்கப் பொய் சொன்னதற்கும் கில்மோர் மேல் கடற்படை நீதிமன்றத்தில் வழக்கு என்று முடிவானது. கேப்டனுக்கு ஒரு கண்டனக் கடிதத்தோடு போகும். அட்மிரல் பதவிக்குக் குந்தகம் வராது.

பார்ஃபுட்டை யாரும் கூப்பிடவில்லை. அந்த அறையில் இன்னொருத்தன் இருந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. பணியாளைப் பார்க்காமலே பழகியவர்கள் அவர்கள்.

ஐவியிடம் மட்டும் சொன்னான். அவள் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப வாயைப் பொத்திக்கிட்டு இரு. நீ பேசினா உங்க சாருக்குக் கொடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அவரை நீயே உன் கையால வீட்டுக்கு அனுப்பி வச்சுருவ."

"அந்தப் பையன்?"

"அவனுக்கு வயசு இருக்கு. வேற வேலை பார்த்துப்பான்" என்றாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் சொல்றது சரியான்னு என்னைக் கேக்காத. கேட்டா வேற மாதிரி சொல்லிருவேன்" என்றாள்.

மூன்று வாரம் பார்ஃபுட் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தான். கப்பலில் தினமும் கொடுக்கும் மத்தியான ரம்மைக்கூடத் தொடவில்லை. தன் பங்கைப் பக்கத்தில் இருந்தவனுக்கே தள்ளிவிட்டான். ரம்மைத் தள்ளிவிடுகிறவனுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று கப்பலில் பேசிக்கொண்டார்கள்.

நவம்பரில் ஒரு நாள் காலை, கோஸ்போர்ட் படகில் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது கில்மோர். முகம் சவரம் செய்யாமல், மழைக்கோட்டு நனைந்து கிடந்தது.

"பார்ஃபுட், நீங்க ரொம்ப வருஷமா அவரோட இருக்கீங்க. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க சார்."

"அவர் பொய் சொல்ற ஆளா?"

"இல்ல சார். செத்தாலும் சொல்ல மாட்டார்."

கில்மோர் தண்ணீரையே பார்த்தார். "நானும் அதான் நினைக்கறேன். அவர் குரல் என் காதுல கேட்டுச்சு. 'அப்படியே போங்க'ன்னார். ஆனா அவர் சொல்லலைங்கறார். பொய் சொல்லாதவர் சொல்லலைன்னா, நான் சொன்னதே நடக்கலையா? ராத்திரி எல்லாம் யோசிச்சு யோசிச்சு, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. பயத்துல நானே கற்பனை பண்ணிக்கிட்டேனோ? எங்க அப்பா ஒத்துக்கிட்டுரு, மன்னிப்பாங்கன்னு எழுதியிருக்கார். ஒத்துக்கலாம்னு இருக்கேன்."

பார்ஃபுட் வானத்தைப் பார்த்தான். "மழை வலுக்கும் போல இருக்கு சார், உள்ள போய் நில்லுங்க" என்றான். இதைத்தான் அவனால் சொல்ல முடிந்தது. பொய்யன் என்று ஊர் சொன்னால் ஒருத்தன் தாங்கிக்கொள்ளலாம். தன்னைத்தானே பொய்யன் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டால் அவன் என்ன செய்வான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்ஃபுட் ஆல்வர்ஸ்டோக்கில் உள்ள டெவரில் வீட்டுக்குப் போனான். ஞாயிறுதோறும் போய் சீருடைகளைப் பார்த்து வைப்பது வழக்கம். கேப்டன் உடை மாற்றும் அறையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவன் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னான்.

"சார், லெப்டினன்ட் கூப்பிட்டார். நீங்க பதில் சொன்னீங்க. நான் அங்க தட்டோட நின்னுக்கிட்டு இருந்தேன். உங்க கண்ணு மூடியே இருந்துச்சு."

டெவரில் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"என்ன சொன்னேன்?"

"'சரி. அப்படியே போங்க'ன்னு சார்."

"லெப்டினன்ட் சொன்ன அதே வார்த்தை."

"ஆமா சார்."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சார்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"வாயைப் பொத்திக்கிட்டு இருன்னா."

டெவரில் சிரித்துவிட்டார். "புத்திசாலி. நீ அவங்க பேச்சை ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்." பிறகு சட்டைக் கைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். இரண்டு முறை நழுவியது. பார்ஃபுட் போய்ப் போட்டுவிட்டான். "மூணு வாரமா அந்தப் பையனைப் பொய்யன்னு ஊரே பேசுது. என் வாயாலதானே அந்தப் பேர் வந்துச்சு. மேசையில காகிதம் எடுத்து வை."

பார்ஃபுட் காகிதம் எடுத்து வைத்தான். ஓர் உண்மையை இங்கே சொல்லிவிடலாம்: 'மூடிக்கொண்டிரு' என்று அவர் சொல்லியிருந்தால் அவன் மூடிக்கொண்டிருந்திருப்பான். அதைச் சொல்லட்டும் என்றுதான் போனான் என்றுகூடச் சொல்லலாம். பாரத்தை அவர் தலையில் இறக்கிவிட்டு, தான் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவனாக இருந்துவிடலாம் என்று நினைத்தான். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை. நீ ஏன் என்னை எழுப்பவில்லை என்று கேட்கவில்லை. அவர் கேட்பார் கேட்பார் என்று அவன் காத்து நின்றான். அவர் எழுதி முடித்து, உறையை ஒட்டி, "நல்லாத் தேய்ச்சு வச்சிருக்க, நன்றி" என்று கோட்டைக் காட்டிச் சொன்னார்.

கில்மோர் மேல் இருந்த வழக்கு விழுந்தது. டெவரில் மேல் எழுந்தது. வழக்கு நாள் காலை எட்டு மணிக்கு வழக்கப்படி ஒற்றைப் பீரங்கி முழங்கியது. துறைமுகத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இன்று ஓர் அதிகாரியின் தலை உருளப்போகிறது என்று. பார்ஃபுட் அன்று விடியலில் எழுந்து அவருடைய வாளைத் துடைத்திருந்தான். விசாரணை நடக்கும்போது அந்த வாள் நீதிபதிகள் முன்னால் மேசையில் குறுக்காகக் கிடக்கும். தீர்ப்புச் சொல்ல அவரைத் திரும்ப அழைக்கும்போது, கைப்பிடி அவர் பக்கம் இருந்தால் விடுதலை. முனை இருந்தால் குற்றவாளி.

டெவரிலுக்காகப் பேச வந்திருந்த கமாண்டர் முதல் நாளே பார்ஃபுட்டைக் கூப்பிட்டு எல்லாம் கேட்டிருந்தார். "நீ வந்து நாற்பத்தொரு மணி நேரத்தைப் பத்தியும், நீ எழுப்பாம விட்டதைப் பத்தியும் சொன்னா, தண்டனை பாதியாக் குறையும். நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா" என்றார். பார்ஃபுட் இருப்பதிலேயே நல்ல சீருடையைப் போட்டுக்கொண்டு, நடைவழி பெஞ்சில் ஒன்பது மணியிலிருந்து உட்கார்ந்திருந்தான். சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தான். தப்பு என்னுடையது சார், நான்தான் எழுப்பவில்லை சார்.

பத்தரைக்கு அந்தக் கமாண்டர் வெளியே வந்தார். முகம் கறுத்திருந்தது.

"உன்னைக் கூப்பிட மாட்டாங்க."

"ஏன் சார்?"

"அவர் விடலை. குற்றத்தை அப்படியே ஒத்துக்கிட்டார். 'தேநீர் கொண்டுவந்தவன் முதுகுக்குப் பின்னால என்னை ஒளிஞ்சுக்கச் சொல்றீங்களா?'ன்னு என் மேல பாயறார்."

"சார், நான் உள்ள போய் ஒரு நிமிஷம்..."

"உள்ள போனா உன்னை வெளிய தள்ளுவாங்க. உக்காரு."

உட்கார்ந்தான். வேறென்ன செய்வான்? கதவு கனமான ஓக் மரக் கதவு. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பதினொன்றரைக்கு டெவரிலை உள்ளே அழைத்தார்கள். கதவு திறந்து மூடிய அந்த நொடியில் பெஞ்சிலிருந்து பார்ஃபுட்டுக்கு மேசையின் ஓரம் தெரிந்தது. வாள் முனை கதவைப் பார்த்துக் கிடந்தது. தான் துடைத்த பளபளப்பே அவன் கண்ணைக் கூச வைத்தது.

கடுமையான கண்டனம், கப்பலிலிருந்து நீக்கம். ஜனவரியில் பட்டியல் வந்தது. பார்ஃபுட் பழக்கதோஷத்தில் விடிவதற்கு முன்பே போய்ப் பத்திரிகைக் கடை வாசலில் நின்றான். இல்லை என்று தெரிந்தும் மூன்று தடவை படித்தான். ஒன்பது வருஷமும் முடிந்தது, கொடியும் இல்லை. கேப்டன் ஹ்யூ டெவரில் நாற்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றவர் ஆனார். கில்மோருக்கு ஒரு நல்ல கப்பல் கிடைத்தது. அவர் பார்ஃபுட்டின் கையைப் பிடித்து இரண்டு நிமிஷம் குலுக்கினார். அந்த நன்றி பார்ஃபுட்டுக்கு முள்ளாகக் குத்தியது.

எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. பார்ஃபுட்டுக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. கப்பலில் அவனை யாரும் ஏசவில்லை, முறைக்கவில்லை. உண்மை சொன்னவன் என்று தட்டிக்கொடுத்தார்கள். அதை அவனால் தாங்க முடியவில்லை. கடைசியில் ஒரு பைத்தியக்கார வேலை செய்தான். கடற்படையில் யாரும் கேப்டனிடம் மனு கொடுக்கலாம். விடுப்பு வேண்டும், தாடி வளர்க்க அனுமதி வேண்டும் என்று கொடுப்பார்கள். பார்ஃபுட் தனக்குத் தண்டனை வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தான்.

மனுக்காரர்களும் குற்றம் செய்தவர்களும் ஒரே காலையில், ஒரே மேசைக்கு முன்னால்தான் வருவார்கள். மனுக்காரன் தொப்பியோடு நிற்பான். குற்றவாளி தொப்பியைக் கழற்றி நிற்பான். பார்ஃபுட் பேரைக் கூப்பிட்டதும் முன்னால் வந்து, யாரும் சொல்லாமலே தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"தொப்பியைப் போடுடா, நீ மனு வரிசை" என்று ஒழுங்கு பார்க்கும் அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். பார்ஃபுட் போட்டான்.

புதுக் கேப்டன் பேர் ஆர்ம்ஸ்பி. நல்லவர். காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"என்ன குற்றம் பண்ணின?"

"கேப்டனை எழுப்பலை சார்."

"எழுப்பச் சொல்லி உனக்கு உத்தரவு இருந்ததா?"

"இல்ல சார்."

"எழுப்பறது உன் வேலையா?"

"இல்ல சார்."

"மிதவையைப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா அவர் தூங்கறார்னு தெரியும் சார்."

ஆர்ம்ஸ்பி பக்கத்தில் இருந்த தடித்த சட்டப் புத்தகத்தைப் பார்த்தார். அதை எடுக்கக்கூட இல்லை. "பார்ஃபுட், தூங்கற மனுஷன் மேல கம்பளியை இழுத்துவிட்டதுக்கு நான் எந்தப் பிரிவுல தண்டனை கொடுக்கறது? சொல்லு, கொடுக்கறேன்."

பார்ஃபுட் அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மனு ஏற்கப்படவில்லை" என்றார் ஆர்ம்ஸ்பி. அடுத்த ஆள் தாடிக்காக வந்து நின்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ஃபுட் ஆல்வர்ஸ்டோக்குக்குப் போவதை நிறுத்தவில்லை. தேய்ப்பதற்குச் சீருடை இல்லை. அதனால் டெவரிலின் சாதாரணச் செருப்பு, ஷூக்களை எல்லாம் பளபளவென்று துடைத்து வைப்பான். பழைய நண்பர்கள் யாரும் அந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. கப்பலைத் தரையேற்றியவனோடு பார்க்கப்படுவது நம் ஊரில் அதிகாரிகளுக்கு ஆகாது. டெவரில் ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள், "உக்காரு பார்ஃபுட். இப்ப நான் யாருக்கும் கேப்டன் இல்ல" என்று நாற்காலியைக் காட்டினார். அவன் நாற்காலியைப் பார்த்தான். முழங்கால் மடங்கவில்லை. "பரவாயில்லை சார்" என்று நின்றுகொண்டே இருந்தான். அவரும் வற்புறுத்தவில்லை. அன்றைக்கும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. சமையலறைப் பக்கத்து வாசலில், அவன் மணியடிக்கும் முன்பே திருமதி டெவரில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள். பதினேழு வருஷமாக அவனிடம் சிரித்த முகமாகவே பேசியவள்.

"பார்ஃபுட், அவர் உங்களைக் கேக்க மாட்டார். கேக்கறது மரியாதை இல்லன்னு நினைக்கறார். நான் கேக்கறேன். ஏன் எழுப்பலை?"

கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார். பார்ஃபுட்டுக்கு மூச்சு வந்தது போல இருந்தது. ஆனால் பதில் அப்போதும் அதேதான்.

"நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்தார் மேடம். கிரீட்டுக்கு அப்புறம் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல."

அவள் அழவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். "தோளைத் தொட்டிருந்தா போதும். ஒரு விரலால தொட்டிருந்தா போதும். இப்ப ராத்திரி பூரா அவர் தூங்கறதே இல்ல, தெரியுமா உங்களுக்கு? நீங்க அன்புலதான் செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் என்னால உங்களைத் திட்டக்கூட முடியலை. ஆனா நீங்க ஒவ்வொரு வாரமும் அந்த வாசல்ல வந்து நிக்கறப்போ, தட்டோட நிக்கறதாத்தான் எனக்குத் தெரியுது. இனிமே வராதீங்க."

"சரி மேடம்."

"நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லக்கூடாது. கடிதமும் வேண்டாம்."

பார்ஃபுட்டுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. மற்றவர்கள் எல்லோரும் போனதுபோல் தானும் போய்விட்டதாக அவர் நினைத்துக்கொள்வார். கொடி இல்லாதவரோடு அவனுக்கும் வேலை முடிந்தது என்று நினைப்பார். கேட்டும் கிடைக்காத தண்டனை இப்போது கிடைத்துவிட்டது. அதில் பாதியை அவர் அனுபவிக்கப்போகிறார். அதை மாற்ற அவனால் ஒரு மனுவும் கொடுக்க முடியாது.

"சரி மேடம்" என்று மறுபடியும் சொன்னான்.

மேலே ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. "கான்ஸ்டன்ஸ், பார்ஃபுட் வந்தாச்சா?" என்று டெவரிலின் குரல் வந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை நிமிர்த்தி, "இன்னும் இல்ல, ஹ்யூ" என்றாள்.

பார்ஃபுட் தொப்பியைக் கையில் பிடித்தபடி, சுவரோடு ஒட்டி நின்றான். ஜன்னல் மூடியது. நடைபாதையில் சரளைக்கல் போட்டிருந்தது. மிதித்தால் சத்தம் கேட்கும் என்று புல்லின் ஓரமாகவே நடந்து வெளிவாசலுக்குப் போனான்.